வெம்பாக்கத்துக் கூரையும் விண்ணலையும்

பட்டுத்தறியிலே அமர்ந்திருக்கும் நெசவாளியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கால்கள் குழிக்குள்ளே மிதியின்மேல். கைகள் நாடாவிலும் பலகையிலும். கண்களோ பாவைவிட்டு அகலாது. ஓரிழை அறுந்ததைப் பாராது நாலு விரற்கடை நெய்துவிட்டால், பிரித்துச் சரிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காலும் கையும் கண்ணும் கட்டுண்டு கிடக்க, அந்த மனிதருக்கு ஓய்வாக எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று - செவி! அந்தச் செவிக்கு உணவளிப்பவர் யார்? என்ன விலைக்கு அளிக்கிறார்? எந்த மொழியிலே அளிக்கிறார்? இன்று இதைத்தான் நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கிறோம். "கூரைமேல் குடை பொருத்துவது ஒரு கட்டுரைக்குரிய பொருளா?" என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் நம்மோடு வெம்பாக்கம் வரை வரட்டும்.

காஞ்சிக்கும் செய்யாற்றுக்கும் இடையிலே, திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபாகத்திலே இருக்கிறது வெம்பாக்கம். வட்டத் தலைநகர், ஆரணிப் பட்டு என்று ஊரெல்லாம் பேர் பெற்ற சேலைகளின் நெசவு வட்டாரம். நெசவாளர் தெருவிலே நின்று தலையை நிமிர்த்திக் கூரைகளைப் பார்த்தால், தமிழ்நாட்டின் ஒலி - ஒளிபரப்பு வரலாறு முழுவதையும் அங்கேயே படித்துவிடலாம். துருவேறிச் சாய்ந்த பழைய ஏரியல் குழாய் ஒரு வீட்டில். தெருவின் குறுக்கே வீட்டுக்கு வீடு தாவிச் செல்லும் கேபிள் கறுப்புக் கம்பி இன்னொரு வீட்டில். தென்கிழக்கு வானை நோக்கி அண்ணாந்திருக்கும் வட்டக் குடை மூன்றாம் வீட்டில். மூன்றும் மூன்று காலம். மூன்று விதமான அதிகாரம்.

முதற் காலம், கம்பிக் காலம். சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்று பேசத் தொடங்கியது. மறு ஆண்டு மே மாதம் திருச்சி நிலையம் வந்தது. அந்நாளைய வால்வு வானொலிப் பெட்டி பெரிது. அதன் பசியும் பெரிது. பெட்டிக்குள்ளேயே ஏரியல் வைத்த டிரான்சிஸ்டர் பின்னால் வந்தது. அதற்கு முன்னே, முற்றத்தின் இரு மூலைகளிலும் மூங்கில் நட்டு, நடுவே கம்பி கட்ட வேண்டும். அல்லது வலைபோலப் பின்னிய செப்புப் பட்டையை உத்திரத்தடியிலே நீளவாட்டில் தொங்கவிட வேண்டும். நெசவாளர் வீட்டிலே அந்தச் செப்புப் பட்டையைப் பார்த்தவர்கள், "இதையும் ஒரு தறியிலேதானே நெய்திருப்பார்கள்?" என்று கேட்டால் அதில் வியப்பில்லை. பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும். 1980களின் நடுவிலேதான் அந்த வரி ஒழிந்தது.

கட்டணம் கட்டிக் கேட்டது என்ன? 1952-இல் டில்லியிலே ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாட்டு தரங்குறைந்தது என்று கருதி, வானொலியிலிருந்து அதனைத் துரத்தினார். மக்கள் விரும்புவது மக்களுக்கு ஆகாது என்று மேலிடத்திலே ஒருவர் முடிவு செய்தார்! விளைவு? ஊரெல்லாம் ஊசியைத் திருப்பி இலங்கை வானொலியிலே கொண்டுபோய் வைத்தது. கடல் கடந்து வந்த தமிழ்ப் பாட்டு நம் தறிக் கொட்டகைகளிலே ஒலித்தது. 1957 அக்டோபரிலே விவிதபாரதி என்று தனி ஒலிபரப்பைத் தொடங்கி, டில்லி இறங்கி வந்தது. நாட்டு மக்களின் செவியை ஆணையிட்டு அடைக்க முடியாது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல பாடம் வேறு வேண்டுமா? ஆயினும், பாடம் படித்தாரா டில்லியார் என்பதைப் பின்னே பார்ப்போம்.

இரண்டாம் காலம், தொலைக்காட்சிக் காலம். டில்லியிலே சோதனையாக ஒளிபரப்பு தொடங்கிய நாள் 1959 செப்டம்பர் 15. (அன்று அறிஞர் அண்ணாவுக்கு ஐம்பதாவது பிறந்த நாள், தற்செயல்தான், ஆயினும் குறித்து வைக்கத் தோன்றுகிறது.) அந்த ஒளி சென்னையை வந்தடைய 16 ஆண்டு பிடித்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆகஸ்டிலே இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கரின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் பெற்று, இந்தியச் சிற்றூர்களுக்கு நேரடியாகக் கல்வி ஒளிபரப்பும் சோதனை தொடங்கியது. 6 மாநிலங்கள், 2400 சிற்றூர்கள். ஆந்திரம் உண்டு, கருநாடகம் உண்டு, பீகார் உண்டு, ஒரிசா உண்டு, மத்தியப் பிரதேசம் உண்டு, இராசத்தான் உண்டு. தமிழ்நாடு இல்லை! பின்தங்கிய வட்டாரங்களைத் தேர்ந்தோம் என்றார்கள். இருக்கட்டும். அந்தச் சோதனையின் கருவி நம் கவனத்துக்குரியது: கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டு, 10 அடி அகலக் குடை ஒன்றை நம் நாட்டு அறிவியலாளர்களே சமைத்தார்கள். இன்று வெம்பாக்கத்து ஓட்டு வீட்டின்மேல் நிற்கிறதே 2 அடிக் குடை, அதன் பாட்டன் அந்தக் கோழிவலைதான்.

வெம்பாக்கத்துக்கோ சென்னைக் கோபுரம்தான் கதி. நேர்கோட்டிலே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். அலை களைத்து வந்து சேரும் தொலைவு. ஆகவே, சப்பானிய அறிஞர்கள் யாகியும் உடாவும் 1920களிலே கண்டறிந்த அந்த மீன்முள் வடிவ ஏரியலை, உயரக் குழாயிலே கட்டி வடகிழக்கே திருப்பினார்கள். அடியிலே 'பூஸ்டர்' பெட்டி. ஒருவர் கூரைமேல் நின்று குழாயைத் திருக, ஒருவர் வாசலிலே நின்று "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... போச்சு!" என்று கூவ, உள்ளே திரையிலே மாவு சலித்தாற்போல் புள்ளி பறக்கும். காக்கை வந்து அமர்ந்தால் படம் ஆடும். தென்கடற்கரையிலோ வேறு கதை: 1982 பிப்ரவரியிலே கொழும்பில் ரூபவாகினி தொடங்கியபின், ஏரியல்கள் சென்னைக்கு முதுகைக் காட்டி இலங்கையை நோக்கி நின்றன. அருகிலிருப்பவன் தரும்போது, தொலைவிலிருப்பவனுக்காக எவர் காத்திருப்பார்?

மீன்முள் ஏரியலின் காலமும் முடிந்தது. 2022 மார்ச்சுக்குள் தூர்தர்சனின் பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களிலே பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. புதிய முறையிலான தரைவழி எண்மான ஒளிபரப்பு, 2016-இலே சென்னை உள்ளிட்ட சில நகரங்களிலே மட்டும் தொடங்கப்பட்டது, வெம்பாக்கத்தை எட்டவில்லை. எனவே, வடகிழக்கே பார்த்து நிற்கும் அந்தத் துருக் குழாய் இன்று துணி உலர்த்தும் கொடிக்குக் கால். வேறு பயன் இல்லை.

மூன்றாம் காலம், மாதக் கட்டணக் காலம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி பிறந்தது. கேபிள் கம்பி தெருத்தெருவாகப் பரவியது. 2006-இலே கழக ஆட்சி, அண்ணா பிறந்த நாளிலே, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை ஏழைகளின் இல்லங்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியது. கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போயிற்று. "பிச்சை" என்றனர் சிலர், தம் வீட்டிலே இரண்டு பெட்டி வைத்திருந்தவர்கள்! திண்ணையிலே நின்று, பிறர் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த பிள்ளை, தன் வீட்டுப் பாயிலே அமர்ந்து பார்த்தது என்றால், அதன் பெயர் பிச்சை அல்ல, தன்மானம். 2007-இலே அரசு கேபிள் கழகம் அமைந்தது. 2011-இலே, பின்வந்த ஆட்சியிலே, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று அது மறுபடி இயங்கியது. நல்லதை எவர் செய்தாலும் நல்லதென்போம்.

பிறகு வந்தது டில்லியின் சட்டம். 2011-இன் திருத்தச் சட்டப்படி, கேபிள் முழுவதும் எண்மானமாக வேண்டும், வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வேண்டும். கடைசிக் கட்டமாகச் சிற்றூர்களுக்கு 2017 மார்ச்சு வரை தவணை. பெட்டி வந்தது, பெட்டியோடு பில்லும் வந்தது. 2019-இலே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த முறையிலே, அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். 18 விழுக்காடு வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. விரும்பிப் பார்க்கும் அலைவரிசைக்கெல்லாம் தனித்தனியே விலை. 2024-இலோ, அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் ஆணையம் எடுத்துவிட்டது. 'போட்டி விலையைக் குறைக்கும்' என்பது அவர்கள் வாதம். போட்டி இருக்கும் நகரத்திலே குறைக்கலாம். ஒரே கம்பி ஓடும் தெருவிலே யாரோடு யார் போட்டி?

கணக்கைப் பாருங்கள். மாதம் 153 ரூபாய் 40 காசு என்றால் ஆண்டுக்கு 1840 ரூபாய் 80 காசு. இது வெறும் வாசற்படிக் கட்டணம். பட்டுக்குக் கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் கிடைக்கும்; பாவு ஏறாத நாளுக்குக் கூலி இல்லை; மழைக்காலத்திலே தறிக்குழியில் நீர் ஊறினால், நாட்கணக்கில் தறி நிற்கும். ஆனால் கேபிளுக்கு மழையும் இல்லை, ஓய்வும் இல்லை, மாதம் பிறந்தால் கட்டணம்! கூலி நின்ற வீட்டிலே முதலில் அறுபடுவது எது? சோறு அறுபடாது, பள்ளிக் கட்டணம் அறுபடக் கூடாது, இந்தக் கம்பிதான் அறுபடும். கம்பியோடு செய்தியும் அறுபடும்.

இந்த இடத்திலேதான் குடைக்கு வேலை வருகிறது.

தூர்தர்சனின் இலவச விண்வழி ஒளிபரப்பு 2004 திசம்பரிலே தொடங்கியது. பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். இன்று அதற்கு 'டிடி ஃப்ரீ டிஷ்' என்று பெயர். (பெயரிலேகூடத் தமிழ் இல்லை, போகட்டும், மக்களே 'குடை' என்று நல்ல தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டார்கள்.) ஒரு முறை குடையும் பெட்டியும் வாங்கிவிட்டால் பின்பு மாதக் கட்டணம் இல்லை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2000 ரூபாய்க்குள் அடங்கும். அதாவது, ஓராண்டுக் கேபிள் வாசற்படிக் கட்டணத்தைக் காட்டிலும் சற்றே கூடுதல். இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தப் பணம் வீட்டிலே தங்கும்.

ஒளி எங்கிருந்து வருகிறது? 2015 நவம்பர் 11 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோளிலிருந்து. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலே, கிழக்குத் தீர்க்கம் 93.5 பாகையிலே அது நிற்கிறது. நிற்கிறது என்றால் நிற்கவில்லை. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால், நமக்கு நிற்பதுபோலத் தெரிகிறது. ஆகவேதான் குடையை ஒரு முறை திருப்பினால் போதும், நாள்தோறும் திருப்ப வேண்டியதில்லை.

எப்படித் திருப்புவது? வெம்பாக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோள், வடக்கிலிருந்து வலமாக 132 பாகையிலே இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், கிழக்குக்கும் தெற்குக்கும் நட்ட நடுவே. வாஸ்து பார்ப்போர் அதனை 'அக்கினி மூலை' என்று சொல்லி அடுப்பு வைக்கச் சொல்வார்கள்; நாம் கணக்குப் பார்த்துக் குடை வைக்கச் சொல்கிறோம். உயரம் 68 பாகை. உச்சிக்கு 22 பாகைதான் குறைவு. இதிலே நமக்கு ஒரு நன்மை இருக்கிறது, டில்லிக்காரருக்கு அவ்வளவு இல்லை. கோள் இத்தனை உயரத்திலே இருப்பதால், தென்கிழக்கே அண்டை வீடு மாடி எழுப்பிவிட்டாலும் அஞ்ச வேண்டாம். குடையைவிட 10 அடி உயரமான சுவர் என்றால், 5 அடி விலகிக் குடையை நட்டால் போதும். ஒளி சுவருக்கு மேலாகவே வந்துவிடும். தென்னை மரம்தான் பகை. மட்டை காற்றிலே ஆடும்போதெல்லாம் படம் கட்டங் கட்டமாக உடையும். மரத்தை வெட்டாதீர்கள், குடையை நகர்த்துங்கள்!

குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டை இரு பக்கமும் பிடித்துப் பார்த்து முடுக்குங்கள். குழாய் சாய்ந்தால் குடையின் முதுகிலே பொறித்திருக்கும் பாகைக் கோடெல்லாம் பொய்யாகிவிடும். ஓட்டின்மேல் குழாயை நட முயலாதீர்கள், ஓடு உடைந்து மழை தறிமேல் ஒழுகும். சுவரிலே இரும்புக் கவ்வி அடித்து நிறுத்துவதே சரி. பாகையை 68-இலே வைத்தபின் குடையைப் பார்த்தால், அது அவ்வளவு அண்ணாந்து நிற்பதாகத் தெரியாது. அதைக் கண்டு 'தப்பாக வைத்துவிட்டோமோ' என்று ஐயுற வேண்டாம். இந்தக் குடையின் குவியம் நடுவிலே இல்லை, கீழே தள்ளி இருக்கிறது. ஆகவே தன் பார்வையைவிட இருபது பாகைக்கும் மேலாகத் தாழ்ந்தே அது நிற்கும். மின்வாரியக் கம்பிக்கு அருகிலே மட்டும் குழாயைத் தூக்கவே தூக்காதீர்கள். நீளக் குழாய் ஒன்று சாய்ந்து கம்பியிலே பட்டால், தொலைக்காட்சி பார்க்க ஆள் இருக்க மாட்டார்.

குடையின் முன்னே கையை நீட்டிப் பிடித்தாற்போல் நிற்கும் சிறு தலைக்கு எல்.என்.பி. என்று பெயர். மிக நுண்ணிய அலையாக வருவதைக் கம்பியிலே ஓடக்கூடிய அலையாக மாற்றித் தருவது அதன் தொழில். அங்கிருந்து பெட்டிவரை ஒரே கம்பியாக இழுங்கள். நடுவிலே ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டிலே நீர் இறங்கும். இணைப்பு முனையிலே ரப்பர் மூடியோ நாடாவோ சுற்றி, கம்பியைச் சற்றே கீழ்நோக்கி வளைத்து விட்டால், மழைத்துளி அந்த வளைவிலே சொட்டிப் போகும். பெட்டியின் திரையிலே இரண்டு அளவுக் கோடுகள் தெரியும்: ஒன்று வலு, மற்றொன்று தரம். வலு ஏறினால் மகிழ்ந்துவிடாதீர்கள். தவறான கோளைப் பார்த்தாலும் வலு ஏறும். தரம் ஏற வேண்டும். குடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள்; நகர்த்தியபின் சற்றுப் பொறுங்கள். எண்மான ஒளிபரப்பிலே மங்கலான படம் என்ற பேச்சே இல்லை. முழுதாக வரும், அல்லது வரவே வராது.

'எண்மானம்' என்றதும் மிரள வேண்டியவர் நெசவாளர் அல்லர். சேலைக்கரையிலே அன்னமும் மாங்காயும் எழுப்பும் ஜக்கார்டு அட்டையைப் பாருங்கள். துளை இருந்தால் பாவு இழை தூக்கும்; துளை இல்லையேல் தூக்காது. உண்டு, இல்லை, உண்டு, இல்லை - இந்த இரண்டே சொல்லாலே பூவும் கொடியும் பிறக்கின்றன. 1804-இலே பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பட்டு நெசவிலே பிறந்தது அந்த அட்டை. இன்று விண்ணிலிருந்து வரும் ஒளியும் ஒலியும் அதே உண்டு - இல்லை மொழியிலேதான் வருகின்றன. கணிப்பொறிக்காரன் நெசவாளியிடம் கடன்பட்டவன்; இதை அவன் மறந்தாலும் நாம் நினைவூட்டுவோம்.

இனி, செவிக்கு வருவோம். இந்தக் குடை வழியே தொலைக்காட்சி மட்டுமல்ல, அகில இந்திய வானொலியின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புகளும் வருகின்றன. தமிழும் அவற்றுள் உண்டு. "தொலைக்காட்சியைப் போட்டு வைத்துக் கொண்டா வானொலி கேட்பது? மின்சாரம் என்ன ஆவது?" என்று கேட்கலாம். வேண்டியதில்லை. பெட்டியின் முதுகிலே சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒலித் துளைகள் உண்டு. அவற்றிலிருந்து கம்பி இழுத்து ஓர் ஒலிபெருக்கியிலே செருகுங்கள். தொலைக்காட்சியிலே வானொலியைத் தேர்ந்து வைத்துவிட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். தறிக் கொட்டகையிலே நாள் முழுவதும் ஒலி இருக்கும். கண் பாவிலேயே இருக்கும். "கைப்பேசி இருக்கையில் இதெல்லாம் எதற்கு?" என்போர்க்கும் இதுவே விடை. கைப்பேசி கண்ணையும் கேட்கிறது, விரலையும் கேட்கிறது, மாதந்தோறும் ரீசார்ஜும் கேட்கிறது. தறி இந்த மூன்றையும் தராது.

வானொலிக்கென்றே தனி எண்மான முறை ஒன்றும் உண்டு, டி.ஆர்.எம். என்பது அதன் பெயர். அகில இந்திய வானொலி நாடெங்கும் 35 நடு அலை நிலையங்களிலே அதற்கான கருவிகளைப் பொருத்தியது. பெரும் பணம், நல்ல தொழில்நுட்பம், இரைச்சல் இல்லாத ஒலி. கேட்பவர் யார்? புதிய கார்களிலே அந்தக் கருவியை வைத்து விற்றார்கள். குளிரூட்டிய காரிலே செல்வோர்க்குத் தெளிந்த ஒலி. குழித்தறியிலே அமர்ந்தோர்க்கு அதற்கான மலிவுப் பெட்டி கடையிலே கிடைப்பது அரிது. ஒலிபரப்பு மட்டும் போட்டுவிட்டு, கேட்கும் கருவியைச் சந்தையின் தலையிலே கட்டிவிட்ட திட்டத்துக்கு வேறென்ன கதி வரும்? பஞ்சாயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி என்று வைத்துப் பொதுவிலே ஒலிக்கவிட்ட காலம் இந்நாட்டிலே இருந்தது. அன்றைய ஏழை அரசுக்கு இருந்த அந்த எண்ணம் இன்றைய அரசுக்கு ஏன் இல்லை?

குடையைப் பொருத்தினோம், தரம் ஏறிற்று, பெட்டி அலைவரிசைகளைத் தேடி வரிசைப்படுத்தியும் விட்டது. இனிமேல்தான் நெசவாளியின் ஏமாற்றம் தொடங்குகிறது. பொத்தானை அழுத்தினால் இந்தி. மறுபடி அழுத்தினால் இந்தி. இந்திப் படம், இந்திப் பாட்டு, இந்திச் செய்தி, இந்திப் பக்தி! டிடி தமிழ் எங்கோ நடுவிலே, திருவிழாக் கூட்டத்திலே தவறிய பிள்ளைபோல் நிற்கிறது. சென்னை அலைவரிசைக்கு இருந்த 'பொதிகை' என்ற அழகிய பெயரைக் கழற்றி, 2024 சனவரியிலே 'டிடி தமிழ்' என்று மாற்றினார்கள். பெயரிலே தமிழ் வந்தது. வரிசையிலே தமிழ் பெருகவில்லை.

இதற்குக் காரணம் ஏதோ ஓர் அதிகாரியின் வஞ்சம் என்று நாம் கூறவில்லை. காரணம் ஏலம். இலவசக் குடையிலே இடம் வேண்டும் தனியார் நிறுவனங்கள், பிரசார் பாரதி நடத்தும் ஏலத்திலே கோடிக்கணக்கில் விலை கூறி இடம் பிடிக்கின்றன. வடநாட்டிலே இந்தக் குடை மிகுதி; பார்ப்போர் மிகுதி; விளம்பரம் மிகுதி; ஆகவே இந்தி அலைவரிசை கேட்கிற விலைக்கு நிற்கிறது. தமிழ்நாட்டிலே கேபிள் மிகுதி, குடை குறைவு. ஆகவே தமிழ் நிறுவனம் அந்த விலை கொடுக்க முன்வருவதில்லை. தமிழ் இல்லாததால் தமிழர் குடை வாங்குவதில்லை. தமிழர் குடை வாங்காததால் தமிழ் வருவதில்லை! முட்டை முதலா, கோழி முதலா என்று சந்தையிடம் கேட்டால், ஏலத்தொகை முதல் என்றுதான் அது விடை கூறும். கட்டண அலைவரிசைகளாக இருக்கும் பெரிய தமிழ்த் தொலைக்காட்சிகள் இதிலே கிடைக்காது. அதற்கு அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் கடை வைத்திருப்பவர்கள்.

ஆனால் பிரசார் பாரதி கடை அன்று. 1990-இன் சட்டத்தாலே அமைந்து 1997-இலே நடைமுறைக்கு வந்த பொது ஒலிபரப்பு நிறுவனம் அது. 1995 பிப்ரவரியிலே உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கிலே, வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புரைத்தது. பொதுச் சொத்தை ஏலம் விடலாம். ஏலம் விட்டபின் பொதுமக்களிலே ஒரு பகுதியார்க்கு இடமில்லை என்பது எந்த நீதி? ஏரித் தண்ணீரை ஏலம் விட்டு, கடைமடைக்காரன் விலை கொடுக்கவில்லை என்று மதகை அடைக்கலாமா? 2011-இன் மக்கள்தொகைக் கணக்கிலே தமிழைத் தாய்மொழி என்று எழுதியோர் 6 கோடியே 90 இலட்சம், நூற்றுக்கு 5.7 பேர். வேறு நியாயம் எதுவும் வேண்டாம், தலைக்கணக்கே போதும். 100 அலைவரிசை இருந்தால் 5 அல்லது 6 தமிழ் அலைவரிசை ஏலத்துக்கு அப்பாற்பட்டு இருந்தாக வேண்டும். இது சலுகை அன்று, பங்கு.

டில்லிக்கு இது புரியாததா? மொழியைப் பொறுத்தவரை, டில்லியின் காது அன்றும் மந்தம்தான். 1950களிலே வானொலிக்கு 'ஆகாஷ்வாணி' என்று பேர் சூட்டியபோது தமிழகம் கொதித்தது. 'வானொலி' என்று நாவிலே பழகிய நல்ல சொல் இருக்க இஃதெதற்கு என்று கேட்டது. 2023 மே மாதத்திலே, 'ஆல் இந்தியா ரேடியோ' என்பதை விடுத்து இனி 'ஆகாஷ்வாணி' என்றே கூற வேண்டும் என்று மறுபடியும் ஓர் உத்தரவு! 2024 ஏப்ரலிலே தூர்தர்சன் செய்தி அலைவரிசையின் சின்னம் காவி நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரிலே, சென்னைத் தொலைக்காட்சி நிலையத்திலே இந்தி மாதக் கொண்டாட்டம் நடந்தது. பொன்விழாவை ஒட்டி, ஆளுநரும் வந்தார். அங்கே தமிழ்த்தாய் வாழ்த்திலே திராவிடத்தைப் பற்றிய அடி பாடப்படாமல் போயிற்று. கவனக்குறைவு என்று நிலையம் வருத்தம் தெரிவித்தது. கவனம் குறையும்போதெல்லாம் குறைவது தமிழாகவே இருக்கிறதே, அது எப்படி?

எனினும் குடையை எறிந்துவிடுங்கள் என்று நாம் கூற மாட்டோம். சினங்கொண்டு சட்டியை உடைத்தால், சோறு மண்ணிலேதான் விழும். குடை நம்முடையது, அதற்குள் வரும் அலையும் நம்முடையது, அந்தச் செயற்கைக்கோள் நம் வரிப்பணத்திலே பறப்பது. தமிழ்நாட்டிலே குடைகள் பெருகப் பெருக, 'அங்கே பார்ப்பார் இல்லை' என்னும் டில்லியின் சாக்கு கரையும். இலங்கை வானொலிக்கு ஊசி திரும்பிய பிறகல்லவா விவிதபாரதி பிறந்தது! மக்களின் எண்ணிக்கைக்கு அந்த ஆற்றல் உண்டு.

செய்ய வேண்டியது என்ன? வெம்பாக்கத்து வட்டாரத்திலும் ஆரணியிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பட்டும் சரிகையும் உறுப்பினர்க்குத் தருவதுபோல், குடையும் பெட்டியும் மொத்தமாக வாங்கித் தவணையிலே தரட்டும். தெருவுக்கு ஓர் இளைஞருக்குப் பொருத்தும் தொழிலைக் கற்பிக்கட்டும். அதிலே கம்ப சூத்திரம் எதுவும் இல்லை. திசைகாட்டியும் தூக்குக்குண்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், ஒரு முற்பகலிலே இரண்டு வீடு முடியும். 1953-இலே, தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றாரே அண்ணா, காஞ்சி நெசவாளர் குடும்பத்திலே பிறந்தவர் - நெசவாளியின் வயிற்றுக்காக அன்று அவர் சுமந்தார். நெசவாளியின் செவிக்காக இன்று நம் தோழர்கள் ஒரு குழாயையும் ஒரு குடையையும் சுமந்து ஏணி ஏறட்டும்.

நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் ஏலமுறையைப் பற்றிக் கேட்கட்டும்: எத்தனை இடம், எந்த மொழிக்கு, எந்த விலைக்கு என்று. 'மொழிவாரியாகக் கணக்கு வைப்பதில்லை' என்று விடை வந்தாலும் அதனை ஏட்டிலே அச்சிட நாம் இருக்கிறோம்.

ஐப்பசி மழைக்கு முன்னரே பொருத்தி விடுவது நல்லது. கனமழை கொட்டும்போது, துளிகள் அந்த நுண்ணலையை விழுங்கிவிடும். சில நிமிடம் திரை இருண்டு, மழை தணிந்ததும் தானே மீளும். அதற்காகக் கூரைமேல் ஏறிக் குடையைத் திருகாதீர்கள். ஆனால் மழை விட்டு அரைமணி ஆகியும் ஒளி வரவில்லையென்றால், காற்று குடையை அசைத்திருக்கிறது என்று பொருள். பாகைக் கோட்டின்மேல் முன்பே சுண்ணாம்பாலோ வண்ணத்தாலோ ஓர் அடையாளம் இட்டு வைத்திருந்தால், பத்தே நிமிடத்திலே பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிடலாம்.